பட்டத்துக்கு வெட்டிய குட்டை

செந்துறைக்கும் ஆண்டிமடத்துக்கும் நடுவே, முந்திரியும் பிடிக்காமல் கம்பும் விளையாமல் கிடந்த ஒரு பள்ளத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷம் வைரக்கண்ணு பண்ணையார் குட்டை வெட்ட ஆரம்பித்தார். ஊருக்கு நல்லது செய்கிறார் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவருக்கு வேண்டியிருந்தது வெள்ளைக்காரச் சர்க்கார் கொடுக்கும் ராவ் சாகிப் பட்டம்.

அந்த ஆசையை மூட்டிவிட்டவர் அவருடைய சகலை, ஆண்டிமடம் முத்துசாமி. யுத்த நிதிக்கு அள்ளிக் கொடுத்துப் பட்டத்தை வாங்கிவிட்டார். அதுவரை மாமனார் வீட்டு விசேஷங்களில் மூத்த மருமகனுக்கும் இளைய மருமகனுக்கும் ஒரே ஜமுக்காளம்தான். பட்டம் வந்ததும் இளைய மருமகனுக்கு நாற்காலி வந்தது. சந்தனக் கிண்ணம் முதலில் நாற்காலிக்குப் போய், பந்தலைச் சுற்றிவிட்டு, கடைசியில் ஜமுக்காளத்துக்கு வந்தது. வந்தபோது கிண்ணத்தில் பிறர் விரல் வழித்த தடம்தான் மிச்சம். காய்ந்த நெற்றியோடு ஊர் திரும்பிய வைரக்கண்ணு, வண்டியை விட்டு இறங்காமலே பெண்டாட்டியிடம் சொன்னார்.

"ஜெகதா, நானும் வாங்கிக் காட்டுறேன்."

"வாங்குங்க. மொதல்ல எறங்குங்க, மாட்டை அவுக்கணும்" என்றாள் ஜெகதாம்பாள்.

வழி சொன்னவன் ஜெகதாம்பாளின் தம்பி உத்திராபதி. வழக்கு வாய்தா என்று அரியலூருக்கு அலைகிறவன். அங்கே சப்-கலெக்டர் துரை ஆபீஸின் டவாலிச் சேவகர்களோடு வெற்றிலை மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம்.

"மச்சான், இப்ப வந்திருக்குற இந்தத் துரை பணத்துக்கெல்லாம் மசியுற ஆளு இல்லையாம். அவருக்கு ஒரே பைத்தியம், வாத்து சுடுறது. லீவு நாளானா துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு ஏரி ஏரியா அலையுறாரு. நம்ம நெலத்துல சிறகி வாத்து எறங்குற தண்ணி ஒண்ணு இருந்தா தானா வருவாரு. வந்தா சாப்பிடுவாரு. சாப்பிட்டா பட்டத்துக்கு மேல எழுதுவாரு."

"அது சரி மாப்ளே, சிறகிக்கு எப்படிச் சொல்லி அனுப்புறது?"

"தண்ணியப் பாத்தா வந்துட்டுப் போவுது. அதுக்கென்ன வெத்தல பாக்கா வெக்கணும்?"

குட்டை வெட்டி முடிந்தது. பண்ணையார் அதுவரை உற்றுப் பார்த்திருந்த ஒரே நீர்நிலை கோயில் திருக்குளம் என்பதால், இதுவும் நாலு மூலை பிசகாமல், சுவர் மாதிரிச் செங்குத்தான கரையோடு அமைந்தது. ஐப்பசி மழை நிரப்பிக் கொடுத்ததை அடியிலிருந்த சுண்ணாம்புக் கல் அந்த மாதமே குடித்துத் தீர்த்தது. பெரிய ஏரியிலிருந்து வண்டல் ஏற்றி வந்து கொட்டி, எருமைகளை உள்ளே விட்டு நாள் கணக்கில் மிதிக்க வைத்த பிறகுதான் தண்ணீர் நின்றது.

நின்ற தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதில் பண்ணையார் முனைந்தார். துரை வருகிற இடமல்லவா? பாசி ஒரு கொத்து தலைகாட்டினால் ஆள் இறங்கிப் பிடுங்கியாக வேண்டும். கோரை முளைத்தால் அது துரோகம். போதாததற்குக் கூடை கூடையாகச் சுண்ணாம்பு வேறு. செடி ஒன்றுகூட இல்லாத அந்தத் தண்ணீர், வெயில் ஏறியதும் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகி நாறியது. கொசு வந்தது. கொசு சுடுவதற்கு எந்தத் துரையும் வருவதாக இல்லை.

பிறகு ஒருநாள் செவலைக் கன்று ஒன்று குட்டைக்குள் விழுந்தது. செங்குத்துக் கரையில் ஏற முடியாமல் அது கத்திய கத்தலில் ஊர் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு பக்கத்துக் கரையைச் சரிவாக வெட்டிக் கன்றைக் கரையேற்றினார்கள். அறுப்பு நேரம், கரையைத் திரும்பக் கட்ட ஆள் கிடைக்கவில்லை. பண்ணையாரும் மலேரியாவில் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடமாடி வந்து பார்த்தபோது, அந்தச் சரிவில் கோரை முளைத்திருந்தது. கோரைக்குள் தவளை கத்தியது. தண்ணீர் கணுக்காலளவு நின்ற இடத்தில் ஒரு நாரை, தன் பாட்டன் சொத்தில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தது.

பண்ணையார் அந்த நாரையையே பார்த்தார். அடுத்த வாரமே மற்ற மூன்று பக்கமும் சரிவாயின.

பட்டத்தின் மேல் ஆசை வைத்த மனிதர் எதைத்தான் கற்றுக்கொள்ள மாட்டார்? பாசியை அடியோடு பிடுங்கினால் தண்ணீர் பச்சையாகிறது, அப்படியே விட்டால் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே ஒரு பக்கத்தை வாரிவிட்டு மறுபக்கத்தை விட்டுவைக்க வேண்டும் என்று கண்டுகொண்டார். அல்லியும் கொட்டியும் கொண்டுவந்து நட்டார். துரைக்கு வறுத்துப் போடலாமென்று உத்திராபதி விட்டிருந்த விரால் மீன்கள் தலைப்பிரட்டைகளையெல்லாம் விழுங்கிவிட்டன என்று தெரிந்ததும், மைத்துனனையே இடுப்பளவு தண்ணீரில் இறக்கி அவற்றைப் பிடிக்க வைத்தார். தும்பி வந்தது, நத்தை வந்தது, மீன்கொத்தி வந்தது, ஆமைகூட எங்கிருந்தோ நடந்து வந்து சேர்ந்தது.

சிறகிதான் வரவில்லை. வரவில்லை என்றும் சொல்ல முடியாது. கூட்டமாக வரும், குட்டையை ஒரு சுற்றுச் சுற்றும், சீழ்க்கை அடித்துக்கொண்டே போய்விடும்.

காரணம் பண்ணையாருக்குத் தெளிவாகத் தெரிந்தது: கண்ணேறு. இவ்வளவு அழகான குட்டையைப் பார்க்கிறவன் எல்லாம் நல்ல கண்ணோடா பார்ப்பான்? அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே கரையில் ஒரு திருஷ்டி பொம்மை நிறுத்தியிருந்தார். வைக்கோல் உடம்பு, கரிச்சட்டித் தலை, சுண்ணாம்புப் பொட்டு, பிதுங்கிய நாக்கு. அப்படியும் சிறகி இறங்கவில்லை என்றால் ஊரார் கண் அவ்வளவு கொள்ளிக் கண் என்று அர்த்தம். இரண்டாவது பொம்மை நின்றது. மூன்றாவதுக்குப் பழைய கோட்டு ஒன்றும் மாட்டப்பட்டது. சிறகிகள் சுற்றுவதைக்கூட நிறுத்திக்கொண்டன.

நாலாவது பொம்மைக்கு ஜெகதாம்பாளின் பழைய சேலையைக் கேட்கப் போனபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"எதுக்கு?"

"பொம்மைக்கு. பொம்பளை பொம்மையா ஒண்ணு வெச்சா பொம்பளைங்க கண்ணு படாதாம்."

"ஏங்க, நம்ம சோளக்கொல்லையில என்ன நிக்கிது?"

"பொம்மை."

"எதுக்கு நிக்கிது?"

"குருவி வெரட்ட."

"இது கண்ணுக்கு நிக்கிது, அது கதிருக்கு நிக்கிதுன்னு சிறகிக்கு நீங்க வெளக்கிச் சொன்னீங்களா?"

பண்ணையார் கொடியிலிருந்து துண்டை உருவினார். பிறகு, "எனக்கும் அதான் ரெண்டு நாளா ஒரு ரோசனை" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பொம்மைகள் போயின. சிறகிகள் இறங்கின.

அதோடு குட்டைக்குச் சட்டதிட்டங்களும் வந்தன. எருமை இறங்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. கோடையில் குட்டை வற்றும்போது ஊரே கூடையோடு இறங்கி மீன் அள்ளுவது அந்தப் பக்கத்து வழக்கம். அது இங்கே கிடையாது. சேரிக்காரர்கள் நத்தை பொறுக்கக் கூடாது. கரையில் நின்று உரக்கப் பேசக் கூடாது. இருமல் வந்தால் பனந்தோப்புக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். இந்தக் குட்டைக்கு மண் சுமந்த ஆண்டாயி களை எடுக்கும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"நாம நத்தை பொறுக்குனா அந்த வாயில்லாச் சீவனுக்குப் பயமாப் போயிடுமாம். துரை வந்து சுட்டா அதுக்குச் சந்தோசமா இருக்குமாம்."

மூன்று வருஷம் ஓடியது. டவாலிக்குப் போன முந்திரிக்கும் நெய்க்கும் கடைசியில் பலன் கிடைத்தது. நாற்பத்தேழு தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை வருகிறார் என்று உத்திராபதி ஓடிவந்து சொன்னான். பண்ணையார் முதல் காரியமாகச் சகலைக்கு ஆள் அனுப்பினார். நாற்காலிக்காரர் வந்து கண்ணால் பார்க்காத பெருமையும் ஒரு பெருமையா?

பந்தல் போட்டாயிற்று. ஆடு வெட்ட ஏற்பாடாயிற்று. ஒரே ஒரு விஷயத்தில்தான் வீட்டுக்குள் தகராறு. அதிர்வேட்டு.

"மச்சான், வேட்டு வேணாம். குட்டை நெறைய சிறகி. ஒண்ணு ரெண்டு கெளம்புனா எல்லாம் கெளம்பிடும்" என்றான் உத்திராபதி.

"துரை வரும்போது வேட்டு இல்லைன்னா? முத்துசாமி வூட்டுக்குத் துரை போனப்ப போட்ட வேட்டு செயங்கொண்டத்துக்குக் கேட்டுச்சாம். இங்க வந்து அவன் காதைக் கொடைஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்கவா? சாலையோரமா வெக்கச் சொல்லியிருக்கேன். குட்டை தள்ளித்தானே இருக்கு. நம்ம சிறகி பழகுன சிறகிடா."

"ஆமா" என்றாள் ஜெகதாம்பாள் உள்ளேயிருந்து. "அக்கம்பக்கத்துல விசேசம்னு அதுங்களும் காதைப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கும்."

"இருமுனா கெளம்பும்னு நீங்கதானே மச்சான் சொல்லுவீங்க?"

"இருமல் வேற, மரியாதை வேற. நீ போய் வேட்டு மருந்தைக் கெட்டிக்கச் சொல்லு."

ஞாயிறு வந்தது. செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு துரையின் கார் சாலைத் திருப்பத்தில் தெரிந்தது. தவில்காரர் கையை ஓங்கினார். பண்ணையார் தலையை அசைத்தார். வேட்டு வெடித்தது.

முதல் வேட்டு செயங்கொண்டத்துக்குக் கேட்டதோ என்னவோ, குட்டைக்கு நன்றாகவே கேட்டது. பனந்தோப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்புப் போர்வையை யாரோ உதறித் தூக்கிய மாதிரிச் சிறகிக் கூட்டம் எழும்பியது. இரண்டாவது வேட்டுக்கு நாரைகள் எழும்பின. மூன்றாவதுக்கு எழும்ப எதுவும் மிச்சமில்லை. காரை விட்டு இறங்கிய துரை தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். துப்பாக்கி இன்னும் உறைக்குள் இருந்தது. தலைக்கு மேல் சீழ்க்கைச் சத்தம் ஒருமுறை வட்டமடித்து, நேராகக் கிழக்கே போனது.

மாலையைக் கையில் பிடித்தபடி பண்ணையார் நின்றார். முத்துசாமிதான் முதலில் சுதாரித்தார். கையை நெற்றிக்குக் குடை பிடித்துப் பார்த்துவிட்டு, "சகலை, நம்ம பக்கந்தான் போவுது. எங்க ஏரியிலதான் எறங்கும். துரையை நான் கூட்டிக்கிட்டுப் போறேன், நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். சொன்னதோடு நில்லாமல், துரையின் காரில் முன்னால் ஏறி உட்கார்ந்து வழியும் காட்டினார்.

வெட்டிய ஆட்டை ஊர் தின்றது. "இருமக் கூடாதுன்னாங்க, இப்ப ஏப்பம் விடலாமான்னு யாராச்சும் கேட்டுச் சொல்லுங்கடி" என்றாள் ஆண்டாயி, இலையின் முன்னால் உட்கார்ந்து.

சாயங்காலம் ஆண்டிமடம் வரை போய் விசாரித்துவிட்டு உத்திராபதி திரும்பினான். துரை சுட்டார், நன்றாகவே சுட்டார், சாப்பாடும் அங்கேதான். போகும்போது, அடுத்த வருஷம் இங்கே வருவதாக டவாலி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அடுத்த வருசமா?" என்று பண்ணையார் நிமிர்ந்தார்.

"சொன்னாரு மச்சான். ஆனா பேப்பர்ல வேற மாதிரிப் போட்டிருக்கான். அடுத்த வருசம் துரைங்களே இருக்க மாட்டாங்களாம். அவங்க போனா, பட்டம் குடுக்க யாரு இருக்கா?"

பண்ணையார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "விடியட்டும். கரையை வெட்டித் தண்ணிய ஓடவுட்டுடுறேன். குட்டையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றார். ஜெகதாம்பாள் மண்வெட்டியை எடுத்துவந்து திண்ணையில் சாத்தி வைத்தாள். அதுவே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விடிந்தது. ஆளைக்கூடக் கூப்பிடாமல், தானே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பனந்தோப்பைத் தாண்டியதும் கால் தானாக நின்றது.

குட்டை நிறைய சிறகி. கிழக்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவை, அந்த வட்டாரத்தில் ஒரு குண்டுகூட விழாத ஒரே தண்ணீரைத் தேடிப் பிடித்து, கோரை ஓரமாகக் கழுத்தை முதுகில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று ஒற்றைக் காலில் நின்றபடி அவரை ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

பண்ணையாருக்கு ரத்தம் கொதித்தது. மூன்று வருஷம். வண்டல், அல்லி, மலேரியா, விரால், ஊர்ப் பகை, டவாலிக்குப் போன நெய். மண்வெட்டியை ஓங்கினார். ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். பிறகு அதை, கல்லில் படாமல், மெதுவாகப் புல்லின் மேல் சாய்த்து வைத்தார்.

"நேத்து எங்கடி போனீங்க, நன்றி கெட்ட நாய்ங்களா?" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். அவற்றின் ஏழு தலைமுறையைத் திட்டினார். முத்துசாமியைச் சேர்த்துத் திட்டினார். வெகு நேரம் திட்டினார். அத்தனையும், பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடக் கேட்காத குசுகுசுப்பில்.