ஜப்பான் அற்புதராஜ் சொன்னதும் சொல்லாததும்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோவும் ரைஸ் குக்கரும் திருத்துகிற அற்புதராஜுக்கு, சரவணமுத்து என்ற பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். காரணம் இல்லாமல் இல்லை. அவன் மனைவி அகஸ்டினா மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலர் பள்ளி ஆசிரியை. அந்தப் பள்ளிகளை நடத்திய மலைத்தளிர் நிறுவனத்துக்குப் பதுளையில் பொறுப்பாளர் சரவணமுத்து. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி, கசங்காத சட்டை. மனைவியைப் பதுளைக்கு மாற்றித் தரச் சொல்லி அற்புதராஜ் இரண்டு வருடமாக அவர் அறை வாசலில் போய் நின்றான். மனிதர் ஒரு நாளாவது உட்காரச் சொல்ல வேண்டுமே. “தோட்டத்து ஆக்களுக்குப் பொறுமை காணாது” என்று உள்ளே கிளார்க்கிடம் சொன்னது மட்டும் தெளிவாக வெளியே கேட்டது.

அகஸ்டினா சனிக்கிழமை மத்தியானம் வந்து, ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவாள். ஆறு வயது மகள் கிருஷாந்தி அந்த நேரத்திலிருந்து திங்கள் இரவுவரை யாரோடும் பேசமாட்டாள்.

இப்படி இருக்கையில், 2006இல் ஒரு நாள் சரவணமுத்து கடைக்கே வந்து நின்றார். நிறுவனம் அவரை மூன்று வாரப் பயிற்சிக்கு டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் அனுப்புகிறதாம். அற்புதராஜ் எட்டு வருடம் ஒசாகாவில் பழைய கார் பிரிக்கும் யாட்டில் கிடந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். 1990இல் சுற்றுலா விசாவில் போனான், விசா முடிந்தும் வரவில்லை, 98இல் பிடித்துப் பிளேன் ஏற்றிவிட்டார்கள். சரவணமுத்து கேளாமலே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குறிப்பெழுதக் கொப்பியைத் திறந்தார்.

“செலவில்லாமல் எப்பிடித் திரியிறது எண்டு சொல்லும்.”

வயிறு எரிந்தாலும் அற்புதராஜ் சொன்னான். சமைத்த சாப்பாட்டை சுப்பர் மார்க்கெட்டில் ஏழு மணிக்கு மேல் வாங்க வேண்டும். ஒருவன் அரைவிலை ஸ்டிக்கரோடு வருவான், அவன் ஒட்டும்வரை கை வைக்கக் கூடாது. சொந்தக்காரருக்குச் சாமான் நூறு யென் கடையில். சுரங்க ரயிலுக்கு ஒரு நாள் டிக்கெட். டோக்கியோவைப் பார்க்கக் கோபுரத்துக்குக் காசு கொடுத்து ஏறத் தேவையில்லை, நகர அரசாங்கத்துக் கட்டிடத்தில் உச்சிவரை லிஃப்ட் இலவசம். வழி தவறினால் தெருமுனைப் பொலிஸ் கூண்டில் கேட்டால் படம் வரைந்தே தருவார்கள். அந்தக் கூண்டுகளைக் கண்டு எட்டு வருடம் எதிர்ப்பக்கமாக நடந்தவன் தான் என்பதை அவன் சொல்லவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் ஏமாற்ற மனம் வரவில்லை. “நீங்க சைவம்ங்களா? அப்ப நூட்ல்ஸ் கடையில கவனமா இருங்க, சாறு மீன் போட்டுத்தான் காச்சுவாங்க. புளிச்ச பழம் வச்ச சோத்து உருண்டை கேளுங்க.”

எல்லாம் எழுதி முடித்த சரவணமுத்து, வீட்டம்மா லீலாதேவி ஜப்பான் ரைஸ் குக்கர் ஒன்று கேட்பதாகச் சொன்னார். திரும்பி வந்ததும் அகஸ்டினாவின் பைலைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அற்புதராஜ் ஒசாகாவில் மின்சாமான் கடைகள் இருக்கும் தெருவின் பெயரைச் சொன்னான். அதோடு வாயை மூடிக்கொண்டான்.

ஜப்பானில் கரண்ட் நூறு வோல்ட், இங்கே இருநூற்று முப்பது. அங்கத்திய குக்கரை இங்கே அப்படியே மாட்டினால் கருகிவிடும். 98இல் அவன் கொண்டுவந்த குக்கரை அம்மா குடியிருந்த தோட்டத்து லய வரிசை வீட்டில் மாட்டி, புகை கிளம்பி, லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த அவமானத்தில்தான் இந்தத் தொழிலையே கற்றான். திருத்துகிறவன் முதலில் சொல்ல வேண்டியதே இந்த வோல்ட் விஷயம்தான். விருந்தாட்கள் முன்னால் சரவணமுத்து வீட்டில் புகை எழுவதை நினைத்துக்கொண்டு, “நல்லபடியா போய்ட்டு வாங்க” என்றான்.

அடுத்த மாதம் அவர் வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

“அங்க ஒசாகாக் கடையில நிண்ட பிள்ளை நான் எந்த நாடு எண்டு கேட்டவள். உங்கட ஊரில இது எரிஞ்சு போகும் எண்டு சொல்லி வேற ஒண்டு எடுத்துத் தந்தவள். அவளுக்கு என்னை முன்னப்பின்னத் தெரியாது. நீர் இந்தத் தொழில்தானே செய்யிறீர்?”

“ரெண்டு வருசம் என்னைய வாசல்ல நிக்க வச்சீங்க” என்றான் அற்புதராஜ். சரவணமுத்து படியிறங்கிப் போய்விட்டார்.

பதில் தை மாதம் கடிதமாக வந்தது: அகஸ்டினா இன்னும் மூன்று வருடம் மொனராகலையில்தான். சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து நீட்டினாள். அற்புதராஜ் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் தன்னோடு சேர்ந்து அந்த ஆளைத் திட்டுவாள் என்று நினைத்தான்.

அவள் தோள் பையைக்கூட இறக்கவில்லை. “அந்தாளு கெட்டவருதான், எனக்குத் தெரியாதா? வாசல்ல நின்னது ஒங்களுக்கு வலிச்சிச்சு. நான் அங்க தனியா கெடக்குறது ஒங்களுக்கு வலிக்கல.”

மறுநாள் பூசை முடிந்ததும் அகஸ்டினா மகளின் உடுப்பையும் புத்தகங்களையும் கட்டி, கிருஷாந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மொனராகலை பஸ் ஏறினாள். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும், அம்மாவோடு ஓயாமல் பேசிக்கொண்டு போனது.