அறுத்துப் பார்த்த கொதிகலன்: சாவகச்சேரியிலிருந்து நீர்வேலிக்கு

இந்த வைகாசியில் மூன்று நாள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் அலைந்தேன். கோயிலுக்கும் போகவில்லை, கடற்கரைக்கும் போகவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் நான் கட்டிக் கொடுத்த ஒரு நீராவிக் கொதிகலனைப் பார்க்கப் போனேன். அரிசி ஆலைக்கோ சமையல் கூடத்துக்கோ கொதிகலன் வாங்க நினைத்து, முதலில் நாலு இடம் பார்ப்போம் என்று வடக்குக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பது எனக்குத் தெரியும். வழி, செலவு எல்லாம் எழுதுகிறேன். எனக்கு எழுத விருப்பமில்லாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் நெல் அவித்துக் குத்தும் ஆலை அது. இப்போது நடத்துபவர் வதனி. என்னிடம் கொதிகலன் கேட்டவர் அவருடைய தகப்பனார். அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. வதனி தொலைபேசியில் சொன்னார்: "ஐயா, பின் கொட்டிலிலை கிடக்கிற உங்கடை பொயிலரை வெட்டி இரும்புக்குக் குடுக்கப் போறம். பாக்கிறதெண்டால் செவ்வாய்க்கிழமை வாங்கோ." நல்ல எண்ணத்தோடுதான் கூப்பிட்டார். நான் சண்டை பிடிக்கும் எண்ணத்தோடு புறப்பட்டேன்.

வவுனியாவில் காலை 5.40 பஸ், கட்டணம் 470 ரூபா. வலப்பக்க யன்னல் பக்கம் இருக்காதீர்கள், பரந்தன் வரைக்கும் வெயில் முகத்தில் அடிக்கும். ஆனையிறவு தாண்டும்போது ஏழே முக்கால். சாவகச்சேரிச் சந்தையடியில் 8.35க்கு இறங்கினேன். அங்கிருந்து ஆலைக்கு இரண்டு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 300 கேட்டார்கள், 250க்கு வந்தார்கள்.

கொதிகலனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். அதற்குள் நீளத்துக்குக் குழாய்கள் ஓடும். உமி எரிந்து வரும் சூடான புகை குழாய்களுக்குள்ளே போகும், குழாய்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். புகை தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுப் புகைபோக்கியால் வெளியேறும். கொடுக்காமல் சுமந்துகொண்டு போகிற சூடு முழுவதும் ஆகாயத்துக்குத்தான். வழக்கமாக இந்த அளவுப் பீப்பாய்க்கு இரண்டரை அங்குலக் குழாய் முப்பது போடுவார்கள். நான் ஒன்றரை அங்குலக் குழாய் அறுபது போட்டேன். புகைக்கும் தண்ணீருக்கும் இடையில் இருக்கிற இரும்புப் பரப்பு கூடும், ஒல்லிக் குழாய்க்குள் புகையும் நன்றாக உரசிக்கொண்டு போகும். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே அரை அங்குல இடைவெளிதான் விட்டேன். பீப்பாயின் அடியில் கையை விட்டுத் துப்புரவு செய்ய ஒரு வாசல் வைப்பார்கள். கசிவு வரும், சூடு வீணாகும் என்று அதையும் நான் வைக்கவில்லை.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எண்ணெய் ஆலை ஒன்றில் பழைய கொதிகலனைக் கழற்றிப் பூட்டியும், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தும் கற்றுக்கொண்டேன். என் கணக்கைப் பார்த்துச் சிரித்த, சான்றிதழ் பெற்ற பொறியியலாளர் இருவர் இன்னும் இருக்கிறார்கள். முதல் வருடம் அவர்கள் வாயை அடைத்தேன். ஒரு தடவை நெல் அவிக்கப் பதினொரு மூடை உமி எரித்த ஆலை ஆறு மூடையில் முடித்தது. புகைபோக்கியின் சூடு 170 பாகை. ஒல்லிக் குழாய் பிழை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எதிர்த்து நிற்பேன்.

மூன்றாவது வருடம் உமி பத்து மூடையாகிவிட்டது, புகைபோக்கி 310 பாகை. ஆலைக்காரர், வதனியின் தகப்பனார், என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். உமி எரிந்தால் சாம்பல் குழாய்க்குள் படியும், அதைத் தினமும் கம்பித் தூரிகையால் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாது, புகைபோக்கி சுடும், உமி கூடும். ஆகவே தீ போடுகிறவர் கூட்டவில்லை என்று முடிவெடுத்தேன். அவர் பெயர் தவராசா, மட்டுவில்காரர். எல்லாருக்கும் தவம்.

தவம் சொன்னார், "நான் ஒவ்வொரு நாளும் கூட்டுறனான் அண்ணை. இது வேறை என்னவோ. உள்ளுக்கை கறகற எண்டு கேக்குது." நான் காதை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அவர் இன்னொன்று சொன்னார்: "எங்கடை வீட்டுக் கேத்திலுக்குள்ளையே கல்லுப் படியுது. பொயிலருக்குள்ளை படியாதோ? கூரையிலை விழுற மழைத்தண்ணியைப் பிடிச்சு விட்டால் என்ன?" நெல் காயப்போடும் தளத்தில், வேலையாட்கள் எல்லாரும் நிற்க, நான் சிரித்தேன். "தேத்தண்ணிக் கேத்திலும் பொயிலரும் ஒண்டோ? கூட்டப் பஞ்சியிலை கதை விடுறாய். நீ சோம்பேறி" என்றேன்.

அந்த ஆலைக் கிணறு ஊரில் பெயர்போனது. தேத்தண்ணிக்கென்று மூன்று வளவு தள்ளியிருந்தும் குடத்தோடு வருவார்கள். இங்கே நல்ல தண்ணீர் என்றால் நாக்குத்தான் தீர்ப்புச் சொல்லும். அவ்வளவு நல்ல தண்ணீரைக் கொதிகலனுக்கு விடுகிறோம் என்பதில் ஆலைக்காரருக்கும் எனக்கும் பெருமை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

தவத்தை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புதிதாக வந்தவராலும் உமியைக் குறைக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் ஆலைக்காரர் என் கொதிகலனைக் கழற்றிப் பின் கொட்டிலில் தள்ளிவிட்டு, வெளிநாட்டுக் கொதிகலன் ஒன்றைப் பூட்டினார். இரண்டு சோம்பேறிகளால் என் பெயர் கெட்டது என்று ஆறு வருடம் சொல்லித் திரிந்தேன். அந்த ஆலை வாசலை மிதிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது காஸ் வெட்டுக்காரர் பீப்பாயின் ஒரு பக்கத்தை அறுத்துத் திறந்துவிட்டார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. "ஐயா, இது பொயிலரோ, சுண்ணாம்புச் சூளையோ?" என்று கேட்டார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு குழாயின் மேலும் கால் அங்குலத்துக்கு வெள்ளைக் கல். நான் விட்ட அரை அங்குல இடைவெளி கீழ் வரிசைகளில் இல்லவேயில்லை. குழாய்கள் எல்லாம் ஒட்டி, முருகைக்கல் பாறை போல ஒரே கட்டியாக இருந்தன. கைலாம்பு வாங்கிக் குழாய்களின் உட்புறத்தைப் பார்த்தேன். துரு இருந்தது. சாம்பல் படிவு இல்லை, தூரிகை உரசிய கோடுகள் இருந்தன. கல்லும் சாம்பலும் வெளியே காட்டுகிற அறிகுறி ஒன்றேதான். நான் குழாயின் ஒரு பக்கத்தை மட்டும் நினைத்தேன். மற்றப் பக்கத்தைப் பார்க்க ஒரு வாசலும் நான் வைக்கவில்லை.

வதனியும் பக்கத்தில் வந்து பார்த்தார். பிறகு, "நீங்கள் தவமண்ணையைப் பிழை சொன்னனீங்கள் எண்டுதான் அப்பா நிப்பாட்டினவர்" என்றார். என் பக்கத்தை நிரூபிக்க நான் கொண்டுபோன கணக்குக் கொப்பியைப் பையைவிட்டு எடுக்கவில்லை. தவம் இப்போது மனைவியின் ஊரான நீர்வேலியில், ஓர் இடியப்பக் கூடத்தின் கொதிகலனுக்குத் தீ போடுவதாகவும் வதனி சொன்னார்.

யாழ்ப்பாணத்துக்குப் பதினாறு கிலோமீற்றர், பஸ் 95 ரூபா. பஸ் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு விடுதியில் தங்கினேன், மின்விசிறி அறை 3500. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பருத்தித்துறை பஸ் எடுத்து, கோப்பாய் தாண்டி நீர்வேலிச் சந்தியில் இறங்கினேன், 65 ரூபா. இடியப்பமும் புட்டும் அவித்து நகரத்துக் கடைகளுக்குக் கொடுக்கிற கூடம் எது என்று ஓட்டோக்காரரிடம் கேட்டேன்.

"மழைத்தண்ணித் தவமண்ணை நிக்கிற இடமோ? ஏறுங்கோ."

"ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?"

"கிணத்துத் தண்ணியை வாளியாலை கொண்டுபோனால் மனுசன் வாசலிலையே மறிக்கும். பொயிலருக்குக் குடிக்க மழைத்தண்ணிதான் வேணுமாம், அது கொழும்பு மாப்பிளையாம்."

200 ரூபா. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒடுங்கிய பாதை, மழைக்காலத்தில் ஓட்டோ போகாது.

தவம் கொதிகலனடியில் நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் மாறவில்லை. அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே, "இருங்கோ அண்ணை, ஆவி ஏறுது" என்றார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் நான் கொதிகலனைச் சுற்றிப் பார்த்தேன். என் பழக்கம் அது. சிறிய நிமிர்ந்த கொதிகலன், தடித்த குழாய்கள், நடுவே தாராளமான இடைவெளி, அடியில் கை விடும் வாசல். இடியப்பத் தட்டுகளுக்குப் போன ஆவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பவும் தொட்டிக்கு வருகிறது. கூரைத் தண்ணீர் பெரிய தண்ணீர்த் தாங்கிக்குள் இறங்குகிறது.

"குழாய் தடிப்பு. சூடு வீணாப் போகுது," என்றேன்.

"ஓம், போகுது. ஆனால் கழுவலாம்."

"இடைவெளியும் கூட."

"பொயிலரைப் பாக்க வந்தனீங்களோ, என்னைப் பாக்க வந்தனீங்களோ?"

அப்போதுதான் சொன்னேன். "தவம், அந்தப் பொயிலரை அறுத்துப் பாத்தன். உள்ளுக்கை முழுக்கக் கல்லு. உம்மிலை ஒரு பிழையும் இல்லை."

"அது எனக்குத் தெரியும். எனக்கேன் சொல்லுறியள்?"

"உமக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லுறது?"

"சோம்பேறி எண்டு எனக்கு மட்டுமோ சொன்னனீங்கள்? தளத்திலை, சனத்துக்கு முன்னாலை எல்லோ சொன்னனீங்கள். அந்தக் கதை எனக்கு முன்னம் எல்லா மில்லுக்கும் போயிட்டுது. சாவகச்சேரிப் பக்கம், தென்மராட்சி முழுக்க, ஒருத்தரும் என்னை வேலைக்கு எடுக்கேல்லை. பதினாலு மாதம் மனுசியின்ரை தோட்டத்திலை வாழைக்குத் தண்ணி கட்டினனான். சொன்ன இடத்திலை போய்ச் சொல்லுங்கோ."

"முதலாளியும் செத்துப் போனார், தவம்."

"தளம் இருக்கெல்லோ."

அவர் அழுத்தமானியின் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு பெண் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார், குடித்தேன். அன்று பின்னேரமே சாவகச்சேரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தேடி வந்து சொன்ன பிறகும் இந்த வயதில் என்னைத் திருப்பி அனுப்புகிறாரே என்ற கோபம் எனக்கு. விடுதிக் கட்டிலில் இருந்துகொண்டு, என்னுடைய பக்கத்து நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். வெளிச்சம் மங்குவதற்குள் எல்லாம் தீர்ந்துபோயின, ஒன்றும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆலைத் தளத்தில் நின்றேன். வதனி வேலையாட்களைக் கூப்பிட்டார். நெல் கிளறுகிற பெண்கள் மூவர், மூடை தூக்குகிறவர்கள் இருவர், வதனி. ஆறு பேர். தவராசா குழாய் கூட்டாமல் விட்டவரல்ல, பிழை நான் கட்டிய முறையிலும் நான் விடச்சொன்ன தண்ணீரிலும் இருந்தது, அவரைச் சோம்பேறி என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். வேலையாட்களில் நாலு பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவர்கள் புது ஆட்கள். அந்தக் காலத்திலிருந்து நிற்பவர் கமலம் என்ற பெண் ஒருவர்தான். அவர் நெல் கிளறும் பலகையை விடாமலே சொன்னார்:

"தவம் கூட்டுறதை நாங்கள் தினமும் பாத்தனாங்கள், ஐயா. அந்தச் சாம்பல் எங்கடை நெல்லிலை பறக்குதெண்டு அவரோடை சண்டை பிடிக்கிறனாங்கள்."

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆரையும் கேட்டனீங்களோ?"

அவர் கிளறத் தொடங்கிவிட்டார்.

வதனியிடம் இலக்கம் வாங்கித் தவத்தை அழைத்தேன். "சொல்லிப்போட்டன், தளத்திலை நிண்டுதான் சொன்னனான்" என்றேன்.

"எத்தினை பேர் நிண்டவை?"

"ஆறு பேர்."

"அண்டைக்குப் பதினாறு பேர் நிண்டவை, அண்ணை" என்றார். தொலைபேசி நின்றது.

இனி, போகிறவர்களுக்கு. வவுனியாவிலிருந்து மூன்று நாளுக்கு எனக்கு முடிந்தது, சாப்பாடு உட்பட, பன்னிரண்டாயிரத்துக்குள். ஆலைகளைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு முன் போங்கள், தீ மூட்டுகிற நேரத்தில்தான் கொதிகலனின் குணம் தெரியும். நீர்வேலிக் கூடத்தில் வேலை பத்து மணிக்கு ஓய்ந்துவிடும். ஒல்லிக் குழாய் வேண்டுமென்றால் போடுங்கள், சூட்டை அது நன்றாக எடுக்கும். ஆனால் இரண்டு விரல் நுழையும் இடைவெளியும் அடியில் கை விடும் வாசலும் இல்லாத கொதிகலனை யார் விற்றாலும் வாங்காதீர்கள், விற்கிறவர் என்னைப் போலக் கணக்குக் காட்டினாலும். குடாநாட்டுக் கிணற்று நீரை நாக்கால் சோதிக்க வேண்டாம், கேத்திலின் அடியைப் பாருங்கள். மழைநீரிலும் இரும்பு அரிக்கும், அதற்கு என்ன போடுவதென்று தெரிந்தவரைக் கேளுங்கள். உமி கூடினால் அடுப்படியில் நிற்கிறவரைக் குற்றம் சொல்ல முதல் கொதிகலனைத் திறந்து பாருங்கள். தளத்தில் வேலை செய்கிறவர்களையும் கேளுங்கள். ஒரு நாள் வேலை கெடும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்தத் தளத்தில் நின்ற பதினாறு பேரில் கமலத்தைத் தவிர மற்றவர்கள் இப்போது எங்கே என்று வதனிக்கும் தெரியவில்லை. சிலர் கொழும்பில் இருக்கலாம், சிலர் கடல் கடந்திருக்கலாம், சிலர் இல்லாமலும் போயிருக்கலாம். அவர்களில் யாராவது இதை வாசித்தால்: மட்டுவில் தவராசா ஒரு நாளும் குழாய் கூட்டாமல் விட்டவரல்ல. நான் சொன்னது பொய். அந்தக் கதையை நீங்கள் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.