வீட்டு வரிசைக் கறிவேப்பிலை

1. நிறுத்தி வைத்த சரக்கு

அன்று காலை நான் பேக் ஹவுஸுக்குள் நுழையும்போது காதர் பாய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எங்கள் முதலாளி அவர். வழக்கமாக மதியத் தொழுகை முடித்துவிட்டுத்தான் வருவார். காலையிலேயே வந்து நின்றால் ஏதோ கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும்.

"மேடம், கருவேப்பிலைய நிறுத்திட்டாங்க" என்றார். "மொத்தமும் அங்க ஏர்போர்ட்லயே கெடக்கு. ரெசிட்யூ இருக்காம்."

ரெசிட்யூ என்றால் காய்கறியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிமருந்தின் மிச்சம். வளைகுடா நாடுகளில் போய் இறங்கும் காயைச் சோதித்துப் பார்ப்பார்கள். அளவுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். திருப்பி அனுப்புகிற செலவுக்கு அங்கேயே அழித்துவிடுவது லாபம் என்று அழித்தும்விடுவார்கள்.

நான் வேலை பார்த்த கம்பெனி மன்னார்புரம் தாண்டி விமான நிலையத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. முருங்கைக்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் காலையில் பேக் ஹவுஸில் வந்து இறங்கும். கிரேடிங் செய்து, பெட்டியில் அடைத்து, கூலிங் ரூமில் வைத்து, விமானத்துக்கு அனுப்புவோம். மறுநாள் அது அங்கே ஒரு கடையில் இருக்கும். நான் குவாலிட்டி பிரிவைப் பார்த்துக்கொண்டேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தவளைக் காதர் பாய்தான் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். சென்ற வருடம் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலிதான்.

எங்கள் சரக்கிலேயே எனக்குச் சிரிப்பை வரவழைப்பது கறிவேப்பிலை. சித்திரை வீதியில் தள்ளுவண்டியில் காய் வாங்கினால் அது கொசுறு. காசு கொடுத்து வாங்கியதாக ஞாபகமே இல்லை. தராதவனிடம் மறுநாள் காய் வாங்க மாட்டோம், அவ்வளவுதான். அதே இலைக்கு லேப் ரிப்போர்ட், அட்டைப்பெட்டி, விமானப் பயணம் என்று நான் மாய்ந்து மாய்ந்து வேலை செய்வதை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக மதித்ததில்லை.

நிறுத்தப்பட்ட பெட்டிகளின் லாட் நம்பரைப் பார்த்தோம். எல்லாம் செல்லமுத்துவின் தோட்டத்து இலை. அவர் வையம்பட்டிக்கு உள்ளே ஒரு ஊரில் இருப்பவர். அதே தோட்டத்து சாம்பிள் பறிப்புக்கு முன்பே லேபுக்குப் போய், சுத்தம் என்று ரிப்போர்ட் வந்திருந்தது. இங்கே சுத்தமான இலை கடலைத் தாண்டியதும் எப்படி அழுக்காகும்?

"சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணுன்னு குடுத்திருக்காரு" என்றார் காதர் பாய். "அவரு பேர எடுத்துடுங்க மேடம். இனிமே அந்தத் தோட்டம் நமக்கு வேணாம்."

காதர் பாய் சட்டென்று யாரையும் கைவிடுகிறவர் அல்ல. ஆனால் அங்கே சரக்கு எடுக்கும் சலீம் பாய், இன்னொரு முறை இப்படி ஆனால் உங்கள் இலையே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் நிறுத்தினால் பேக் ஹவுஸில் இலை ஆய்ந்து கட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. செல்லமுத்து கடலை போட்டுக்கொண்டிருந்த நிலம் அது. எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் முழுக்கக் கறிவேப்பிலைக்கு மாற்றினார். நட்டால் பல வருஷம் நிற்கிற செடி. நாங்கள் எடுக்கவில்லை என்றால் அத்தனையையும் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

"நேர்ல ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன் பாய்" என்றேன்.

"பாருங்க. ஆனா ஏமாத்தியிருந்தா எங்கிட்ட வந்து அவருக்காகப் பேசக் கூடாது."

2. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே செல்லமுத்துவுக்கு விஷயம் போய்விட்டது. முகம் செத்துப்போய் இருந்தது. அவருடைய மனைவி பழனியம்மாள்தான் வாங்க என்று கூப்பிட்டாள்.

தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். நல்ல தோட்டம். இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினாற்போல் பளபளத்தது. ஒரு ஓட்டை கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. அதைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட இலைதான் வேண்டும் என்று அவரிடம் கேட்டவர்களே நாங்கள்தான்.

"மருந்து அடிச்சீங்களா?"

"அடிச்சேங்க. அடிக்காம இப்படி வருமா?" என்றார். மறைக்கவில்லை.

"அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கணும்னு சொல்லியிருந்தோமே."

"மழை வரும்போல இருந்துச்சு. புழு வந்துடும்னு, உங்க ஆளு சாம்பிளுக்கு வர்றதுக்கு முந்தி இன்னொருக்கா அடிச்சேன். அதான் உங்க லேபுல சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்னன்னு பறிச்சுட்டோம்."

லேப் ரிப்போர்ட்டை நம்பியவர் அவர். ரிப்போர்ட்டை நம்பியவர்கள் நாங்கள். மருந்து அடித்த இலைக்குச் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்ததில் எங்கேயோ இடிக்கிறது என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று பழனியம்மாள் பிடித்துக்கொண்டாள். "மேடம் ஸ்ரீரங்கம், நம்ம வீட்டுல சாப்பிடுவாங்களோ என்னமோ" என்று செல்லமுத்து இழுத்தார். வெளி வீடுகளில் சாப்பிடாத அந்த வழக்கமெல்லாம் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே என்னிடமிருந்து போய்விட்டது. கையலம்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தரிக்காய்க் குழம்பும் ரசமும். ரசத்தில் கிடந்த கறிவேப்பிலை சின்னதாக, ஓரத்தில் ஓட்டையோடு இருந்தது. வாசனை தூக்கியது. வழக்கமாக ஒதுக்கி வைப்பவள் அன்று மென்று தின்றேன்.

கிளம்பும்போது பழனியம்மாள் "வீட்டுக்குக் கொஞ்சம் கருவேப்பில எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூம் பக்கம் போனாள். கைக்கெட்டும் தூரத்தில் தோட்டம் முழுக்க இலை இருக்க, அவள் அவ்வளவு தூரம் நடந்ததுதான் எனக்கு உறைத்தது. பின்னாலேயே போனேன்.

மோட்டார் ரூமை ஒட்டி ஒரே வரிசையாகக் கொஞ்சம் செடிகள். குட்டையாக, இலை சிறுத்து, அங்கங்கே புழு தின்ற தடத்தோடு நின்றன.

"ஏன் இங்க வந்து பறிக்கறீங்க?"

"இது வீட்டு வரிசைங்க. இதுல மருந்து அடிக்கிறதில்ல. நாம சாப்பிடுறதுல்ல? புளிச்ச மோரு தெளிப்பேன், புழுவ கையால எடுத்துப் போட்டுருவேன்."

நான் மெதுவாகக் கேட்டேன். "எங்க ஆள் வந்து சாம்பிள் கேட்டப்போ எங்கேர்ந்து குடுத்தீங்க?"

பழனியம்மாள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "இங்கேருந்துதான். மோரு குடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. வீட்டுக்கு வந்தவர வெயில்ல போயி பறிச்சுக்கன்னா சொல்றது? நான்தான் பறிச்சுக் குடுத்தேன். பெரிய எடத்துக்குப் போவுது, ஆபீசருங்க பார்ப்பாங்கன்னாரு. கண்டதக் குடுக்க முடியுங்களா? நல்லதாப் பார்த்துக் குடுத்தேன்."

செல்லமுத்து அப்போதுதான் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

3. ஓட்டை இலை

காதர் பாயிடம் சொன்னபோது முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நம்ம வீட்டுக்கு எது மேடம் வருது?" என்று கேட்டார்.

"காந்தி மார்க்கெட்லேர்ந்து வரது பாய்."

"அதாவது அந்தப் பளபளா."

"ஆமா."

காதர் பாய் லேப் ரிப்போர்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "அவரு பேர எடுக்க வேணாம். ஏமாத்தணும்னு நெனைச்சவங்க வீட்டு வரிசைய உங்களுக்குக் காட்டியிருக்க மாட்டாங்க" என்றார். நான் சொல்லலாம் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியம் அது. என் வாயிலிருந்து பறித்துக்கொண்டார். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

என் முன்னாலேயே சலீம் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சலீம் பாய், இல பளபளன்னும் இருக்கணும், மருந்தும் இருக்கக் கூடாதுன்னா எப்படி? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

"ஓட்ட இலைய கஸ்டமர் எடுக்க மாட்டாங்க பாய்."

"உங்க கஸ்டமர் யாரு? நம்ம தென்னூர்க்காரனும் பாலக்கரைக்காரனும்தானே அங்க வேலை பார்க்குறான்? ஓட்டக் கருவேப்பிலைய அவன் பார்க்காததா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சலீம் பாயே பாலக்கரைக்காரர்தான். கொஞ்சமாக அனுப்பிப் பாருங்கள், ஆனால் உயிரோடு ஒரு புழு வந்தாலும் கதை முடிந்தது என்றார்.

செல்லமுத்து தோட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் வீட்டு வரிசை மாதிரியே வளர்ப்பது என்று முடிவாயிற்று. மோரும் வேப்பெண்ணெயும்தான். புழு பொறுக்க ஆள் வைத்தார். விளைச்சல் குறைந்தது. அதற்காகக் காதர் பாய் விலையைக் கூட்டிக் கொடுத்தார். சலீம் பாயிடம் அவரும் கூட்டி வாங்கினார். பேக் ஹவுஸ் பெண்கள்தான் முணுமுணுத்தார்கள். "ஒவ்வொரு இலையாவா மேடம் திருப்பித் திருப்பிப் பார்க்குறது? பொண்ணு பார்க்குற மாதிரில்ல இருக்கு" என்றாள் ஒருத்தி. அலசி, ஆற வைத்து, திருப்பிப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

சாம்பிள் எடுக்கும் முறையையும் மாற்றினேன். எங்கள் ஆள் போனதும் முதலில் தோட்டத்துக்குள் இறங்கி, பல இடங்களில் தானே பறித்து, பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். மோர் குடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. இதை அவருக்குச் சொன்னபோது, "வீட்டுக்குள்ளயே போகாம தோட்டத்துல எறங்கினா தப்பா நெனைக்க மாட்டாங்களா மேடம்?" என்று கேட்டார். தப்பாகத்தான் நினைத்தார்கள். பழகிக்கொண்டார்கள்.

முதல் பெட்டிகள் போன மறுநாள் எனக்கு வேலையே ஓடவில்லை. இது போனால் செல்லமுத்துவும் போனார், இலை கட்டும் பெண்களும் போனார்கள். மதியம் காதர் பாய் எட்டிப் பார்த்து, "விட்டுட்டாங்க மேடம், கடைக்குப் போயிருச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்க வேண்டாம் என்று கூலிங் ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். நல்ல குளிர்.

4. யாரு கேட்டா?

இத்தோடு முடித்திருந்தால் எனக்கும் மரியாதையாக இருந்திருக்கும். ஓய்வு பெறுவதற்கு முன்பு ஒரு தரம் வையம்பட்டிக்குப் போனேன், சொல்லிக்கொண்டு வரலாம் என்று.

செல்லமுத்து உற்சாகமாக இருந்தார். எங்களுக்கான பகுதியைச் சுற்றிக் காட்டினார். அங்கே தட்டானும் சிலந்தியும் திரும்பியிருந்தன. மண்ணை அள்ளிக் காட்டினார், மண்புழுக்கள் நெளிந்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நடுவில் ஒரு வரப்பு. அந்தப் பக்கம் பழையபடி பளபளவென்று இலை. ஒருவர் முதுகில் ஸ்பிரேயரோடு போய்க்கொண்டிருந்தார்.

"அது?"

"அது மார்க்கெட்டுக்குங்க."

"அதையும் இப்படியே பண்ணலாமே?"

"பண்ணலாம். அவங்க பளபளன்னு இருக்கான்னுதான் பார்ப்பாங்க. ஓட்ட இலைய கொண்டு போனா ஏறெடுத்தும் பார்க்க மாட்டாங்க. வெளிநாட்டுக்காரங்க கேக்குறாங்க, குடுக்குறோம். மருந்து அடிச்சியான்னு நம்மூர்ல யாரு மேடம் கேட்டா?"

கோபம் வந்தது. வேனில் திரும்பி வரும்போது யார்மேல் கோபப்படுவது என்று யோசித்துப் பார்த்தேன். செல்லமுத்து மேல் இல்லை. காந்தி மார்க்கெட் வியாபாரி மேலும் இல்லை. இத்தனை வருஷம் கடல் தாண்டிப் போகிற இலையைச் சோதிக்கச் சம்பளம் வாங்கியவள், என் வீட்டு வாசலுக்கு வருகிற கறிவேப்பிலைக் கொத்தை ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்றே ஒன்று. ஒரு தோட்டத்தில் மருந்து அடிப்பது நின்றது யாரும் உபதேசம் செய்ததால் அல்ல, வாங்குகிறவன் கேட்டதால். எங்கேயோ ஒரு துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் கேட்கிற கேள்வி வையம்பட்டியில் மண்ணை மாற்றுகிறது. அதைக் கேட்க நமக்கும் வாய் இருக்கிறது. ஏற்றுமதிக் கம்பெனிகளில் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன்.

எனவே கேட்க ஆரம்பித்தேன். சித்திரை வீதிக்கு வருகிற தள்ளுவண்டி முருகேசன் காயெல்லாம் போட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு கொத்து கறிவேப்பிலையை மேலே வைத்தான்.

"இது எங்கேர்ந்து வரது முருகேசா? மருந்து அடிச்சதா?"

"கொசுறுக்கு ஊரு பேரு கேக்குற மொத ஆளு நீங்கதான் மாமி" என்று சிரித்தான். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். என்னைக் கண்டாலே வண்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ள ஆரம்பித்தான்.

ஒரு நாள் வேறு மாதிரி கேட்டேன். "சரி, உங்க வீட்டுக் குழம்புக்கு இதைத்தானே எடுத்துண்டு போற?"

"ஐயோ இல்ல மாமி" என்றான் சட்டென்று. "எங்க வீட்டு வாசல்ல மரம் இருக்கு. அதுலதான் கிள்ளிக்குவோம்."

பக்கத்தில் காய் வாங்கிக்கொண்டிருந்த எதிர் வீட்டுப் பெண், கறிவேப்பிலைக் கொத்தைக் கூடைக்குள் போடப் போனவள், அப்படியே நிறுத்தினாள். அதை முகத்துக்கு நேரே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல பளபளப்பான இலை.

"அப்ப இது எங்கேர்ந்து வரது?" என்றாள் முருகேசனிடம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.