ஒளியில் மூடும் இமை

கினுயோவுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். ஆனால் அதை அவளைப் போலச் செய்ய ஜப்பானின் மியே மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது. கண்ணாடித் தகட்டை வெல்வெட் துணியால், அழுத்தம் மாறாமல், ஒரே திசையில் தேய்ப்பது. டிவி திரை செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தேய்த்தாள்.

"தேய்க்கறதுக்கெல்லாம் ஒரு சம்பளமா!" என்று பஸ் ஓட்டுநரான புருஷன் தோகுஜி கிண்டலடிப்பார்.

தொழிற்சாலையை மூடியதும் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் அரிமா வீடு தேடி வந்தார். "மெஷின் வாங்கிப் பாத்துட்டேம்மா. உங்க கை மாதிரி வரல" என்றார்.

அரிமாவை அவள் ஆசிரியர் என்ற பொருளில் 'சென்செய்' என்றே அழைப்பாள். அவர் செய்துகொண்டிருந்தது செயற்கைத் தசை. மெத்தென்று நகத்தளவு இருக்கும் பாலிமர் படலம். கம்பியும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. பச்சை ஒளி பட்டால் வளையும், நீல ஒளி பட்டால் நிமிரும். எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பது அதை வார்த்த கண்ணாடியைக் கினுயோ எந்தத் திசையில் தேய்த்தாள் என்பதைப் பொறுத்தது.

அவள் அரிமாவின் ஆய்வகத்தில் சேர்ந்த மூன்றாம் வருடம் தோகுஜியின் காதருகே கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது, முகத்தின் இடப்பக்க நரம்பு போய்விட்டது. இடது இமை மூட மறுத்தது. மூடாத கண் காய்ந்து, கருவிழி வெளுக்கத் தொடங்கியது. பஸ் வேலையும் போயிற்று.

அரிமா கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. இமைமேல் படலத்தை ஒட்டி, மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் சின்ன விளக்குகளை வைக்கத் திட்டம் போட்டார். நல்ல கண் இமைக்கும்போதெல்லாம் விளக்கு எரியும், மற்ற இமையும் மூடித் திறக்கும். இதை முதன்முதலாகப் பொருத்திப் பார்க்க மருத்துவமனை தயாரித்த எட்டுப் பேர் பட்டியலில் முதல் பெயர் தோகுஜி.

"நீ தேச்ச கண்ணாடிதான் என் கண்ணை மூடப்போகுது. கிண்டல் பண்ணினதுக்கு நல்லா வேணும் எனக்கு!" என்று அவர் கோணல் வாயால் சிரித்தார்.

மருத்துவமனை ஒரே ஒரு நிபந்தனை போட்டது. படலம் லட்சம் முறை வளைந்து நிமிர்ந்தும் பழுதாகக் கூடாது. ஐந்து நாள் சோதனைக் கருவி படலத்தை வளைத்து நிமிர்த்திக்கொண்டே ஓடியது. வெள்ளிக்கிழமை காலை தொண்ணூற்றாறாயிரம் தாண்டியபோது கினுயோ பூதக்கண்ணாடியால் பார்த்தாள். ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

கருவி எதையும் காட்டவில்லை. விசை குறையவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். விரிசல் இருந்தது. அது தன் கண்ணில் படாமலே போயிருக்கலாம் என்று அவள் மனதார ஆசைப்பட்டாள். அந்த ஆசையை மறைப்பானேன்? யாராக இருந்தாலும் ஆசைப்படத்தான் செய்வார்கள். பிறகு பேனாவை எடுத்து, சோதனைப் பதிவேட்டில் விரிசலை எழுதினாள்.

அரிமா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மெஷின் சரின்னுதானே சொல்லுது?"

"மெஷினுக்குக் கண்ணு கிடையாதே, சென்செய். இந்த நுனி பிரிஞ்சு உள்ள போச்சுன்னா கருவிழியைக் கீறிடும்."

"பொருத்தறது அடுத்த வசந்தம் வரைக்கும் தள்ளிப்போயிடும். உங்க வீட்டுக்காரர் கண்ணு அதுவரைக்கும்…"

"தெரியும், சென்செய்."

அவர் எழுந்து நின்று அவளுக்கு மரியாதையாகத் தலை வணங்கினார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

மதியம் வீட்டுக்குப் போனாள். தோகுஜி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "தாங்கிச்சா?"

"இல்லீங்க. விரிசல் விட்டுடுச்சு."

"யாரு பாத்தது?"

"நான்தான்."

"நீ மட்டுமா?"

"ஆமா."

"இன்னும் நாலாயிரம்கூட இல்லையே, கினுயோ. உன் கண்ணுல மட்டும் எல்லாம் பட்டுடும், இல்ல?"

உரித்த சுளைகளை அவர் தின்னாமல் தட்டில் வைத்தார்.

"சரியாத்தான் பண்ணியிருக்க" என்றார் கடைசியில். "கொஞ்சம் தூங்கறேன்."

பாயில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். வலது கண் மூடியது. இடது கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.