ஓர் எண்ணை மாற்றிய பெண்

விமான் நகர் அலுவலகத்தில் எங்களுடன் நான்கே மாதம் இருந்த டெஸ்டர் அவள்; நாங்கள் எழுதும் மென்பொருளில் பிழை தேடுவது அவள் வேலை. புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவாள். கண்கள் மட்டும் தெரியும். சோதிக்கும்போது தனக்குத்தானே மராத்தியில் முணுமுணுப்பாள்.

நோயாளிகள் தங்கள் பரிசோதனை முடிவுகளை இணையத்தில் பார்ப்பதற்காக, ஒரு மருத்துவமனைக்கு நான் தளம் எழுதியிருந்தேன். கடவுச்சொல் கொடுத்து ஒருமுறை நுழைந்தால் ஒரு டோக்கன், அதாவது அடையாளக் குறியீடு, கிடைக்கும். அதன்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்த டோக்கனே போதும். அவசரத்தில், நோயாளியின் வரிசை எண்ணையே டோக்கனாக வைத்துவிட்டேன். மறுநாள் தளம் திறப்பதாக இருந்தது.

அவள் அதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது முணுமுணுப்பு சட்டென்று நின்றது.

"அரே அண்ணா, இங்க வாங்க! டோக்கன்ல நான் ஒரே ஒரு நம்பர்தான் மாத்தினேன்."

திரையில் யாரோ ஒரு பெண்ணின் பெயர், முகவரி, அதன்கீழே எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு.

"இது நாம போட்ட டெஸ்ட் டேட்டாதானே?"

"இல்லண்ணா. ஆஸ்பத்திரி அனுப்பின அசல் ரிப்போர்ட்."

என் கண் இன்னும் திரையிலேயே இருந்தது. அவள் உள்ளங்கையால் அதை மறைத்தாள்.

"படிக்காதீங்க. நானும் படிக்கல."

திறப்பைத் தள்ளிப்போட்டோம். யாரும் ஊகிக்க முடியாத டோக்கன் வரும்படி எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். அடுத்த மாதம் அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

கண்ணெதிரே இருந்ததைப் படிக்காமல் இருக்க அவளால் எப்படி முடிந்தது? எனக்கு அந்தப் பெயரும் முடிவும் இன்றுவரை மறக்கவில்லை.