இடது கைக்கு ஒரு மவுஸ்

மலைக்கிராமமான பள்ளங்கியில் எங்கள் வீட்டின் முன்பக்க அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, அந்த வேலைக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். எந்தப் பொருளும் கடையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். என் போனில் இன்றும் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த மணியோசைதான். பஸ்ஸில் யாருடைய போன் அடித்தாலும் என் கைப்பையைத் துழாவுவேன். என் கணவர் நேரெதிர். புது ஸ்கூட்டர் வீடு வந்து சேருவதற்குள் அதன் சீட் உறையை மாற்றியிருப்பார்.

ஒருநாள் காலையில், தங்க இடம் கேட்டு வந்திருந்த மெயிலுக்குப் பதில் போட உட்கார்ந்தேன். திறக்கலாம் என்று மவுஸை அழுத்தினால், மெயில் திறக்கவில்லை. நீளமாக ஒரு பட்டியல் வந்து நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் பட்டியல். வெளியே சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி நாட்களில் எங்கள் ஊரில் உப்பு நீர்த்துப்போகும், தீப்பெட்டி உரசினாலும் பற்றாது. மவுஸுக்கும் ஈரம் ஏறிவிட்டது என்று முடிவுகட்டினேன். அதைக் கழற்றி, துணியில் சுற்றி, அடுப்பு மேடையில் சூடு படும்படி வைத்தேன்.

கேரட் காட்டிலிருந்து திரும்பிய கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

“இது என்ன, மவுஸுக்கு ஒத்தடமா?”

“ஈரம் ஏறிருச்சுங்க. எதை அமுக்குனாலும் ஒரு பட்டியல் வந்து நிக்குது.”

அவர் அதைக் கொண்டுபோய் மாட்டி உட்கார்ந்தார். மெயில் உடனே திறந்தது.

“நல்லாத்தானே கெடக்கு?”

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். அவர் இடது கைக்காரர். மவுஸை இடப்பக்கம் வைத்து, ஆள்காட்டி விரலால் வலதுபக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

“பொத்தானை மாத்தி வச்சீங்களா?”

“ஆமா. செட்டிங்ஸுல அப்படி ஒண்ணு இருந்துச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கடையில குடுத்தபடியே இருந்தா என்னவாம்?”

“கடையில குடுத்தது உன் கைக்குப்பா. கத்திரிக்கோலு உன் கைக்கு. பேங்க்ல பேனாவக் கட்டி வச்சிருக்கிற பக்கமும் உன் கைக்கு. என் கைக்குத் தோதா இது ஒண்ணுதான் அமைஞ்சுச்சு. அதையும் அடுப்புல வச்சுட்டே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. கல்யாணப் பந்திகளில் பக்கத்து இலைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று அவர் வலது கையால் தடுமாறிச் சாப்பிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வந்தபடியே இருக்கட்டும் என்று என்னால் சொல்ல முடிந்ததே, எல்லாம் எனக்குத் தோதாக வந்ததால்தான்.

அன்றே இருவரும் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு திறந்தோம். அவர் கணக்கில் பொத்தான் அவர் இஷ்டம், என் கணக்கில் என் இஷ்டம். அந்த உற்சாகத்தில், வேலைக்கு நடுவே வந்து நிற்கும் அப்டேட்டையும் நிறுத்தப் போனார்.

“அதைத் தொடாதீங்க. கண்டவனும் கம்ப்யூட்டருக்குள்ள வராம இருக்க அது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. எந்தக் கைக்காரருக்கும் வேணும்” என்றேன்.

நாங்கள் வேலை செய்யாத நேரத்தில் அது நடக்கும்படி மட்டும் மாற்றிக்கொண்டோம்.

பிறகு என் கணக்கில் சும்மா துழாவியபோது, எழுத்தைப் பெரிதாக்க ஒரு வழி இருப்பது தெரிந்தது. இத்தனை நாளும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, மூக்கு திரையில் இடிக்கத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அளவு காட்டும் குமிழை இழுத்துவிட்டேன். சுண்டைக்காய் அளவிலிருந்த எழுத்து பிளம்ஸ் அளவுக்கு வந்தது.

“பாத்து, மலை அடிவாரத்துல இருக்கிறவங்களும் நம்ம மெயிலப் படிச்சிரப் போறாங்க” என்றார்.

நான் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.