விளிம்பு தெரியாத மூடி

தேயிலைக் கொழுந்து ஏற்றும் முதலாளி ஒருவரின் பிக்கப்பில் துருப்பிடித்த பின்தொட்டியைக் கழற்றிவிட்டு, பக்கச் சுவரில்லாத இரும்புத் தட்டு ஒன்று செய்து பூட்டினேன். தட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. எனக்கு விட மனமில்லை. கயிறும் ஜாக்கியும் திருட்டுப் போகாமலிருக்க அங்கே ஒரு பெட்டி வைத்து, மூடியைத் தட்டோடு தட்டாக, விளிம்பே தெரியாதபடி தேய்த்துப் பெயின்ட் அடித்தேன். யுத்த காலம். தமிழன் செய்த வண்டியில் ஒளித்து ஒரு பெட்டி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை முதலாளியும் நானும் அந்த வண்டியில் இரத்தினபுரிக்குப் போனோம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் தடியால் தட்டைத் தட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் சத்தம் மாறியது. தடி அங்கேயே நின்றது.

யாரும் கேட்பதற்கு முன்பே முதலாளி என்னைக் கைகாட்டிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சீக்கிரம் தொறந்து காட்டுங்க," என்றார்.

புதுப் பெயின்டில் மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஆமிக்காரன் நீட்டிய துவக்கு. ஸ்குரூட்ரைவர் மூன்று முறை வழுக்கி, நாலாவது முறைதான் மூடி கழன்றது. உள்ளே கயிறும் ஜாக்கியும் கிடந்தன. ஆமிக்காரன் விளிம்பைத் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்று சிங்களத்தில் மெச்சினான். மெச்சிவிட்டு என் அடையாள அட்டையை வாங்கிப் பெயரை எழுதிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான் எந்தத் தட்டுக்கும் தகடு போட்டதில்லை. இடைவெளி விட்ட இரும்புச் சட்டம்தான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் வானம் தெரியும்.